கால் ஆணியா, பாத மருவா?

(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி ஒருவர்)

“எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்” என்பது பழமொழி. ஆனால் விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏலத்தோட்டத்துச் சரிவில் நாள் முழுதும் குனிந்து காய் எடுக்கும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். காலே பிரதானம் என்றுதான் அவர் சொல்வார். கை சற்று வலித்தாலும் காய் எடுத்துவிடலாம். கால் ஊன்ற முடியவில்லை என்றால் அன்றைய கூலி இல்லை.

என் தாயார் அப்படிக் கூலிக்குச் செல்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆவணி மாத மழையில், அவருடைய வலது குதிகாலின் ஓரத்தில் பட்டாணி அளவில் ஒரு தடிப்பு உண்டாயிற்று. நடந்தால் கூழாங்கல்லை மிதித்தது போல வலித்தது. “கால் ஆணி” என்றார்கள் எல்லோரும். “வேரோட எடுத்துப்புடணும் மதினி, இல்லாட்டி திரும்ப மொளைக்கும்” என்றார் பக்கத்து வீட்டு அத்தை. அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் காலை ஊறவைத்துச் சவர பிளேடால் செதுக்கினார். இரத்தம் கொட்டியது, பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. புண் ஆறியது, தடிப்பு மீண்டும் வந்தது. தைப் பொங்கலுக்குள் அதனைச் சுற்றி மேலும் மூன்று சிறு தடிப்புகள் தோன்றிவிட்டன.

இறுதியில் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அவரை அழைத்துச் சென்றேன். மருத்துவர் ஒரு லென்சை வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். “இது ஆணி இல்லம்மா, மரு. கிருமியால வர்றது. இனிமே பிளேடத் தொடாதீங்க” என்றார். விலங்கியல் படிக்கும் நான், வீட்டிலிருந்த வைரஸை அறியாமல் தலைகுனிந்து நின்றேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம். நம்மில் பலருடைய வீடுகளிலும், நம் கல்லூரி விடுதியிலும் இதே நோய் இதே தவறான பெயரில் உலவிக்கொண்டிருக்கிறது. ஆகவே அது யாது, எவ்வாறு வருகிறது, எவ்வாறு போகும் என்பதைக் காண்போம்.

ஒரே பெயர், மூன்று துன்பங்கள்

பாதத்தில் தோன்றும் தடிப்பு எதுவாயினும் நாம் ‘ஆணி’ என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அப்பெயருக்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன.

முதலாவது காய்ப்பு. மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கை காய்த்துப்போவது போல, ஓயாது உராயும் இடத்தில் பாதத் தோலும் அகலமாகத் தடிக்கிறது. இது நோயன்று, உடலின் தற்காப்பே ஆகும். பெரும்பாலும் வலியும் இராது.

இரண்டாவது உண்மையான ஆணி. இறுக்கமான செருப்போ, துருத்திய எலும்போ ஒரே புள்ளியில் அழுத்தும்போது அவ்விடத்துத் தோல் கூம்பு வடிவில் இறுகி, அதன் முனை உள்நோக்கிக் குத்துகிறது. இரும்பாணி போலக் குத்துவதால்தான் அப்பெயர் வந்தது. அழுத்தத்தை நீக்கினால் ஆணி நாளடைவில் கரையும். இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது.

மூன்றாவது பாத மரு. இது அழுத்தத்தால் உண்டாவதன்று, வைரஸால் உண்டாவது. தொற்றக்கூடியது. கையிலோ கழுத்திலோ தோன்றும் மருவுக்கு நெருங்கிய உறவினன். ஆனால் கையிலுள்ள மரு வெளியே புடைத்து நிற்க, பாதத்திலுள்ள மருவை நம் உடலின் எடை முழுதும் உள்ளே அழுத்திவிடுகிறது. ஆகையால் அது தட்டையாக, மேலே தடித்த தோல் மூடி, ஆணியைப் போலவே தோற்றமளிக்கிறது. ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

மருவின் பிறப்பு

மருவுக்குக் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்ணுயிர்க் குடும்பம். 1907 ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவரான ஜுசெப்பே சூஃபோ, பாக்டீரியாக்களும் நுழைய முடியாத நுண்வடிகட்டியில் வடித்தெடுத்த மருவின் சாறும் மருவை உண்டாக்கும் என்று காட்டினார். பாக்டீரியாவினும் சிறிய ஒன்றே காரணம் என்பது அப்போது விளங்கியது. 1949 ஆம் ஆண்டில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் துகள்களைக் கண்ணாலும் கண்டனர்.

இக்குடும்பத்தில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் இன்று அறியப்பட்டுள்ளன. பாதத்தில் மருவை உண்டாக்குபவை பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 ஆகிய எண்களைக் கொண்டவை. பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புடைய 16, 18 ஆகியவை வேறு வகைகள். குடும்பப் பெயர் ஒன்றாயிருப்பதைக் கேட்டுக் கலங்க வேண்டுவதில்லை. பாத மரு புற்றுநோய்க்கு முன்னறிவிப்பன்று.

உறுதியான தோலை இவ்வைரஸால் துளைக்க முடியாது. முள் கீறிய இடம், வெடிப்பு, நீரில் ஊறி மென்மையான தோல் ஆகியவையே அதற்கு வாசல். உள்ளே நுழைந்ததும் மேல்தோலின் அடியடுக்கிலுள்ள செல்களில் குடியேறி, அவற்றை அளவுக்கு மீறிப் பெருகச் செய்கிறது. நுழைந்த நாளுக்கும் மரு கண்ணுக்குத் தெரியும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகலாம். எனவே எங்கே, யாரிடமிருந்து வந்தது என்று ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது வீண்.

பார்த்து அறிவது எவ்வாறு?

ஆணியையும் மருவையும் பிரித்தறிய மூன்று எளிய சோதனைகள் உண்டு.

ஒன்று, ரேகைகளைப் பாருங்கள். விரல் நுனியில் இருப்பது போலவே பாதத் தோலிலும் மெல்லிய ரேகைகள் ஓடுகின்றன. காய்ப்பின் மீது அவை தொடர்ந்து செல்லும். மருவின் ஓரத்தில் வந்ததும் அவை அறுந்துவிடும். ஓடையின் நடுவே பாறை கிடந்தால் நீர் ஒதுங்கிப் போவது போல, ரேகைகள் மருவைச் சுற்றிப் போகும்.

இரண்டு, வலியைக் கேளுங்கள். நேராக மேலிருந்து அழுத்தினால் மிகுதியாக வலிப்பது ஆணி. இரு விரல்களால் பக்கவாட்டில் பிடித்து நெரித்தால் மிகுதியாக வலிப்பது மரு.

மூன்று, புள்ளிகளைத் தேடுங்கள். மருவின் மேல்தோல் சற்றுத் தேய்ந்த பின் கடுகை நான்காக உடைத்தாற்போன்ற கறுப்புப் புள்ளிகள் தெரியும். பலர் இவற்றை ‘வேர்’ என்றும் ‘விதை’ என்றும் கூறுவர். அவை வேருமல்ல, விதையுமல்ல; மருவுக்கு உணவூட்டும் நுண் இரத்தக் குழாய்களில் உறைந்த இரத்தமே ஆகும். பிளேடு பட்டால் இரத்தம் கொட்டுவதும் இதனால்தான்.

மருவுக்கு வேரே கிடையாது. அது மேல்தோலுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. எலும்பு வரை இறங்குவதில்லை. ஆகவே ‘வேரோடு எடுக்கிறேன்’ என்று ஆழமாகத் தோண்டுபவர் இல்லாத ஒன்றைத் தேடுகிறார். அதனால் உண்டாகும் தழும்பு, மரு போன பிறகும் வாழ்நாள் முழுதும் நடக்கும்போது உறுத்தக்கூடும். மேலும் பிளேடு புதிய கீறல்களை உண்டாக்கி வைரஸுக்குப் புதிய வாசல்களைத் திறந்துவிடுகிறது. என் தாயாருக்கு ஒன்று நான்கான கணக்கு இவ்வாறு விளங்கிற்று.

மலைச்சரிவும் நம் விடுதியும்

போடி மழை மறைவுப் பகுதி. இங்கே கால்கள் வெயிலில் காய்ந்து வெடிக்கின்றன. மேலே ஏலமலையிலோ தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும்; காய்ச் சரங்களோ செடியின் தூரில், தரையை ஒட்டிக் கிடக்கின்றன. எடுப்பவர் ஈர இலைச்சருகின் மீதே நாள் முழுதும் இருந்தாக வேண்டும். கீழே வெடித்த கால், மேலே ஊறும் கால். வைரஸுக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறென்ன வேண்டும்?

அட்டைக்கும் முள்ளுக்கும் பாம்புக்கும் அஞ்சி ரப்பர் பூட்ஸ் அணிகிறார்கள். அது மிக நல்லது, கழற்றச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே வியர்வையும் மழைநீரும் தேங்கினால் எட்டு மணி நேரம் கால் ஊறுகிறது. ஒருவர் பூட்ஸை மற்றொருவர் மாற்றி அணிவதும் உண்டு. ஆகையால் பூட்ஸ் அவரவருக்கெனத் தனியாக இருக்கட்டும். மதியச் சாப்பாட்டு வேளையில் கழற்றி, காலைத் துடைத்து, மாற்றுக் காலுறை அணியலாம். இரவில் பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் காலையில் ஈரம் வற்றியிருக்கும்.

மலைக்குப் போகாத நாமும் தப்பியவர்கள் அல்லர். இவ்வைரஸ் உலர்ந்த பரப்பிலும் நெடுநாள் தாக்குப்பிடிக்க வல்லது. விடுதிக் குளியலறையின் ஈரத்தரை, அதற்குத் தக்க இடம். நாற்பது பேர் வெறுங்காலோடு புழங்கும் அவ்விடத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு அணிந்து செல்வதே போதுமான காப்பு. கால் தேய்க்கும் கல்லையும் துண்டையும் பகிர்ந்துகொள்ள வேண்டாம். மரு உள்ளவர் அதன் மீது ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டால் போதும். அவரை ஒதுக்கி வைக்க எக்காரணமும் இல்லை. விளையாட்டிலும் வகுப்பிலும் அவர் தாராளமாகக் கலந்துகொள்ளலாம்.

நம்பிக்கையும் அறிவியலும்

மருவுக்கு நம் நாட்டில் கைவைத்தியங்கள் பல. அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவுவர்; எருக்கம்பால், சேங்கொட்டை, சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்த கலவை என்று கடுமையானவற்றையும் இடுவர். இவற்றுள் பிந்தியவை தோலை எரிப்பவை. மருவை மட்டும் தின்று நல்ல தோலை விட்டுவிடும் அறிவு சுண்ணாம்புக்குக் கிடையாது. எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. ஆகவே இவை வேண்டாம்.

வைத்தீசுவரன் கோயில் முதலான தலங்களில் மரு நீங்க வேண்டி உப்பும் மிளகும் காணிக்கை இடுவதும், குளத்தில் வெல்லம் கரைப்பதும் வழக்கம். போய்வந்த சில மாதங்களில் மரு உதிர்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மரு தானாகவே உதிரக்கூடியது. நம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் வைரஸை அடையாளம் கண்டுகொண்ட அன்றே அதன் ஆட்டம் முடிகிறது. குழந்தைகளுக்கு வரும் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மருந்தே இல்லாமல் இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்துவிடுகின்றன. பெரியவர்களுக்குச் சற்று நாளாகும். இங்கே கவனிக்க வேண்டியது, உப்பும் மிளகும் யாருடைய காலையும் புண்ணாக்கவில்லை என்பதே! பக்தியோடு காத்திருந்தவர், பிளேடோடு அவசரப்பட்டவரைவிட நலமாகவே இருந்திருக்கிறார்.

மருத்துவ முறைகள்

வலியில்லாத சிறு மருவை ஒன்றும் செய்யாமல் விட்டுவைக்கலாம். இதுவும் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட ஒரு முறையே. நடக்க இடைஞ்சலாக இருந்தால் முதலில் நாட வேண்டியது சாலிசிலிக் அமிலம். இது இறுகிய தோலை அடுக்கடுக்காக நெகிழ்த்தி உரிக்கிறது. லாக்டிக் அமிலத்தோடு கலந்து, ஒவ்வொன்றும் 16.7 சதவீதம் உள்ள திரவமாகவும், 40 சதவீதம் கொண்ட ஒட்டுப் பிளாஸ்டராகவும் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இடும் முறை வருமாறு:

இரவில் காலை வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். வெளுத்து நெகிழ்ந்த தோலை நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். இரத்தம் வருமளவு தேய்க்கலாகாது. அக்கல்லை வேறெதற்கும், வேறெவரும் பயன்படுத்தக் கூடாது. நன்றாகத் துடைத்து உலர்த்திய பின், சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவி, மருவின் மீது மட்டும் மருந்தை ஒரு துளி இட வேண்டும். காய்ந்ததும் பிளாஸ்டரால் மூடலாம். தோல் சிவந்து புண்ணானால் சில நாள் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். இவ்வாறு நாள் தவறாமல் பன்னிரண்டு வாரம் வரை செய்ய வேண்டியிருக்கும்.

இதனால் அடங்காதவற்றிற்கு மருத்துவமனையில் திரவ நைட்ரஜனால் உறைய வைக்கும் முறை உண்டு. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் அத்திரவம் பட்டதும் மரு உறைந்து, கொப்புளித்து, பின் உரிகிறது. இரண்டு மூன்று வார இடைவெளியில் பலமுறை செய்வர், வலியும் உண்டு. ‘குளிர வைத்தால் ஒரே நாளில் போய்விடும்’ என்று எண்ணுவோர் ஒரு செய்தியை அறிய வேண்டும். இவ்விரு முறைகளையும் 240 நோயாளிகளிடம் ஒப்பிட்டு, 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு வாரங்களில் மரு முற்றிலும் மறைந்தவர்கள் இரு பிரிவிலும் 14 சதவீதத்தினரே. ஆறு மாதத்தில் இரு பிரிவிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் குணமடைந்ததாகக் கூறினர். வீட்டில் இடும் மருந்து மருத்துவமனை முறைக்குத் தாழ்ந்ததன்று என்பதும், இரண்டுக்குமே பொறுமை வேண்டும் என்பதும் இதனால் தெளிவாகின்றன.

பிடிவாதமான மருக்களுக்கு உடலின் எதிர்ப்பு ஆற்றலைத் தட்டி எழுப்பும் முறைகளை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் கையாள்கின்றனர். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பு மருந்தை மருவினுள் செலுத்துவதும், மருவின் ஒரு துணுக்கை எடுத்து அந்நோயாளியின் தோலுக்கடியிலேயே பதிப்பதும் அத்தகையவை. ஓரிடத்தில் எதிரியைக் காட்டிக் கொடுத்தால், உடல் மற்ற இடங்களிலும் அவனைத் தேடிப் பிடிக்கிறது. ஒரு மருவுக்குச் செய்தது மற்ற மருக்களையும் போக்குவது இதனால்தான்.

இவர்கள் தாமே மருந்திடலாகாது

நீரிழிவு உள்ளவர், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர், தொழுநோயாலோ வேறெதனாலோ பாதத்தில் உணர்ச்சி மங்கியவர் ஆகியோர் பிளேடையும் அமிலத்தையும் தாமே எடுக்கவே கூடாது. வலி தெரியாத காலில் சிறு புண் பெரும்புண்ணாகி, காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடலாம். கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்டே மருந்திட வேண்டும்.

பாதத்தில் தடித்ததெல்லாம் ஆணியோ மருவோ என்று முடிவு கட்டுவதும் பிழை. முள் முறிந்து உள்ளே தங்கியிருக்கலாம். விரிந்துகொண்டே போகும் கருந்திட்டு, அரிதாகவேனும், தோல் புற்றாக இருக்கலாம். வலியின்றிப் பாதம் வீங்கி, பல துளைகள் வழியே குருணை போன்ற துகள்களோடு சீழ் வடிந்தால் அது மைசிட்டோமா என்னும் நோயாகலாம். இந்நோய்க்கு உலக மருத்துவ நூல்களில் வழங்கும் மற்றொரு பெயர் ‘மதுரைக் கால்’. 1842 ஆம் ஆண்டில் நம் மதுரையில் கண்டு எழுதப்பட்டதால் அப்பெயர் நிலைத்தது. வெறுங்காலோடு மண்ணில் உழைப்போரை முள் குத்திய வழியே பற்றும் இந்நோயை, புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் சேர்த்தது. தொடக்கத்தில் கண்டால் காலைக் காப்பாற்றலாம். எனவே ஐயம் தோன்றினால் அரசு மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கக் கூடாது.

முடிவாக

என் தாயார் மாசி மாதத்தில் மருந்திடத் தொடங்கினார். பகலில் மலை, இரவில் வெந்நீரும் நுரைக்கல்லும் என்று நாட்கள் சென்றன. இடையில் இரண்டு முறை “இதெல்லாம் போகாது” என்று சலித்துக்கொண்டார். மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. வைகாசியில் மூன்று சிறு மருக்களும் மறைந்தன. பெரியது ஆடி மாதம் வரை இருந்தது. ஒருநாள் காலில் ரேகைகள் குறுக்கே தடையின்றி ஓடுவதை விளக்கொளியில் கண்டேன். மரு இருந்த இடம் எது என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஆவணியில் ஒரு நாள் கூலியும் அவருக்குத் தவறவில்லை.

நாம் சூடான ஏலத் தேநீரைச் சுவைக்கும்போது, அக்காயை எடுத்த கையை நினைப்பவர் சிலர் உண்டு. எடுத்தவர் நின்ற காலை நினைப்பவர் அரியர். தோழர்களே, இவ்விதழை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் அன்னையோ, பாட்டியோ, சித்தப்பாவோ “ஆணி” என்று சொல்லிப் பிளேடைத் தேடினால், முதலில் அவர் காலை எடுத்து உங்கள் மடிமீது வைத்து ரேகைகளைப் பாருங்கள். நாம் கற்ற கல்விக்கு அதைவிடச் சிறந்த செய்முறைத் தேர்வு வேறில்லை.